வெளிச் சத்தம்

ஓர் இசைத்தட்டைக் கேட்பதற்குக் காலை பதினோரு மணியைப் போல நல்ல நேரம் வேறு கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். குப்பை வண்டி வந்து போயிருக்கும். மேல்வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றைச் சுற்றிவிட்டு ஒரு பெருமூச்சோடு நின்றிருக்கும். மதியச் சமையலுக்கு இன்னும் யாரும் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்திருக்க மாட்டார்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் தெரு வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை ஏன் அந்த நேரத்தில் உட்கார்ந்தீர்கள் என்று விசாரணையில் கேட்டீர்கள். காரணம் இவ்வளவுதான். வேறு எந்தத் திட்டமும் என்னிடம் இருக்கவில்லை.

மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் தாள் என்னுடையதுதான். கையெழுத்தும் என்னுடையதுதான். இதை உங்களிடம் கொடுத்தது எங்கள் தொழிற்சாலை மேஸ்திரி என்று சொன்னீர்கள். அவரை நாங்கள் சூடு என்று கூப்பிடுவோம். நாள் முழுக்க அச்சு இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று பழகி, குளிர்காலத்தில்கூட நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசுகிற மனிதர். "அந்தக்கா மேல போய் சந்தேகப்படுறீங்களே மேடம், அன்னைக்கு அவங்க வேலைதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இந்தாங்க தாளு. நிமிஷம், நொடி வரைக்கும் எழுதியிருக்காங்க பாருங்க" என்று அவரே எடுத்துவந்து நீட்டினாராம். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் கொடுத்தார். தாளைப் படிக்க அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரை அவர் பார்த்ததில்லை.

முதல் நாள் நீங்கள் வந்தபோது, ஹெட்போன் மாட்டியிருந்ததால் எதுவும் காதில் விழவில்லை என்று சொன்னேன். நீங்கள் தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள். போகும்போது ஒன்று கேட்டீர்கள். என் அக்காவின் அறைக்குள் போனபோது ஏன் கையில் தண்ணீர்க் குவளை மட்டும் இருந்தது, மாத்திரைக் குப்பியை ஏன் எடுத்துப் போகவில்லை என்று. மறுநாளும் அதையே கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். முறையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் புரியும்.

என் வேலை, தட்டில் சத்தம் இருக்கிறதா என்று கேட்பது. ஒரு புதிய இசைத்தட்டை நூற்றுக்கணக்கில் அச்சடிப்பதற்கு முன் ஐந்தே ஐந்து மட்டும் அடித்துப் பார்ப்பார்கள். அதில் ஒன்று என்னிடம் வரும். நடுவில் வெறும் வெள்ளை வட்டம், அதில் பேனாவால் எழுதிய ஓர் எண். பாடியது யார், குழுவின் பெயர் என்ன, எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. கீறல் சத்தம், இரைச்சல், டப் என்று ஒரு துள்ளல், இப்படி எது காதில் விழுந்தாலும் எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் அக்கா என்னைக் காது என்றுதான் கூப்பிடுவாள். யாராவது வீட்டுக்கு வந்தால், "இவதான் என் தங்கச்சி. மீதி உடம்பெல்லாம் இந்தக் காதைத் தூக்கிக்கிட்டுத் திரியத்தான்" என்று அறிமுகப்படுத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல வேடிக்கைதான் அது.

வேலையில் இரண்டு விதிகள் உண்டு. முள்ளை வைத்துவிட்டால் அந்தப் பக்கம் முடியும்வரை எடுக்கக் கூடாது. எடுக்க நேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். இது முதல் விதி. இரண்டாவது விதி, ஏதாவது சத்தம் கேட்டால் தட்டு முழுவதையும் இரண்டாம் தடவை கேட்பது. அதே இடத்தில் அதே சத்தம் மறுபடி வந்தால் குறை தட்டில் இருக்கிறது, அச்சுத் தகட்டையே புதிதாகச் செய்ய வேண்டும். வராவிட்டால் அது தூசி, இல்லையென்றால் வெளிச் சத்தம். முதல் தடவை பென்சிலால் எழுதுவோம். இரண்டாம் தடவைக்குப் பிறகு அதன்மேல் பேனாவால். அதனால்தான் உங்கள் கையில் இருக்கும் தாளில் எழுத்துக்கு அடியில் எழுத்து தெரிகிறது. நான் எதையும் அழித்து மாற்றவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் இருபத்தாறு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். இந்த ஊரில் அவள் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, யாருடைய குழந்தை தொலைந்துவிட்டது, யாருடைய பை கிடைத்திருக்கிறது, எல்லாம் அவள் வாயால்தான். பிறகு தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை. குரல் போகவில்லை, கரகரவென்று ஆகிவிட்டது. பக்கத்தில் நின்றால் கேட்கும். அடுத்த அறைக்கு எட்டாது. அதற்கும் பிறகு இதயம். நடந்தால் மூச்சு வாங்கும். ஆறு வருடமாகக் கட்டிலும் நாற்காலியுமாகத்தான் இருந்தாள். நான் தொழிற்சாலையில் சொல்லி, கேட்கிற வேலையை வீட்டிலேயே செய்ய அனுமதி வாங்கிக்கொண்டேன்.

கத்திக் கூப்பிட முடியாது என்பதால் அவளிடம் ஒரு கைத்தடி இருந்தது. கட்டிலில் படுத்தபடியே சுவரில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் குளியலறை. மூன்று என்றால் உடனே வா. மூன்று தட்டினால் நான் மாத்திரைக் குப்பியோடு ஓட வேண்டும், நாக்குக்கு அடியில் ஒன்றை வைக்க வேண்டும். குப்பியின் மூடி இறுக்கமானது, அவள் விரல்களால் திறக்க முடியாது. அதனால் அது என் மேஜையிலேயே இருக்கும்.

அந்த மூன்று தட்டை அவள் ஒருநாளும் வீணாகப் பயன்படுத்தியதில்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். வேறு ஒருத்தியாக இருந்தால் தலையணை நழுவியதற்கெல்லாம் மூன்று தட்டியிருப்பாள். ஆறு வருடத்தில் இரண்டே தடவைதான் மூன்று தட்டு வந்தது. இரண்டு தடவையும் ஓடினேன். இரண்டு தடவையும் மாத்திரை வேலை செய்தது.

ஒன்றும் இரண்டும்தான் நாள் முழுக்க வரும். நான் முள்ளை எடுத்துவிட்டுப் போவேன். அவள் மைக்கில் பேசுகிற மாதிரி கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, "பயணிகள் கவனத்திற்கு. தண்ணி பாட்டில் காலி" என்பாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். "என்னடி காது, மறுபடியும் முதல்ல இருந்தா? பாவம்டி நீ. இன்னைக்கு எந்தத் தகர டப்பா?" என்று பின்னாலேயே கேள்வி வரும். அவளுக்கு உண்மையாகவே வருத்தம்தான். நான் வந்து முதலிலிருந்து தொடங்குவேன். முதல் பாட்டைப் பத்துப் பதினோரு தடவை கேட்ட தட்டுகள் எத்தனையோ. முதல் பாட்டுகளில் என்னைவிடப் பெரிய நிபுணர் இந்த ஊரில் இருக்க முடியாது. ஆறு வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு தட்டைக்கூட நான் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் கேட்டதில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் காரணம் கேட்டால் என்னிடம் கொடுக்க இருப்பது இதுபோன்ற சின்னச் சின்ன விஷயங்கள்தான். பெரிதாக எதுவும் இல்லை. அவள் என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை.

என் பேச்சை அவள் முடித்து வைப்பாள். அவ்வளவுதான். கடையில், மருத்துவமனையில், பள்ளிக்கூடத்தில். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பேன், அவள் முடிப்பாள். பெரும்பாலும் சரியாகவே முடிப்பாள். எனக்கு முப்பத்து மூன்று வயதில், தகட்டில் வரி வெட்டும் வேலையில் இருந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலையில் என்னிடம் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார். நான், "எனக்கு..." என்று ஆரம்பித்தேன். அக்கா, "அவளுக்கு இதுல எல்லாம் இஷ்டம் கிடையாதுங்க. அவளுண்டு, அவ காது உண்டு" என்றாள். அவர் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு வந்து, "என்னடி, சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டாள். சரிதான் என்றேன். எனக்கு என்ற சொல்லுக்குப் பிறகு நான் என்ன சொல்ல இருந்தேன் என்பது எனக்கே தெரியாது. பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவள் சொன்னதையேகூடச் சொல்லியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பத்தரைக்கு அக்காவுக்கு மருந்து கொடுத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, ஜன்னலைப் பாதி திறந்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தாள். "எத்தனை பாட்டுடி இன்னைக்கு?" என்றாள். "அஞ்சுதான். சின்னத் தட்டு. மொத்தமே பத்தொன்பது நிமிஷம்" என்றேன். "அப்ப நான் பத்தொன்பது நிமிஷம் தாகம் எடுக்காம இருக்கேன், போ" என்றாள். அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான் என்று முதல் நாள் சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. அதற்கும் வருகிறேன்.

பதினொன்று ஐந்துக்கு முள்ளை வைத்தேன்.

யாரோ புதிய பிள்ளைகள். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், தாங்களே பாடி, தாங்களே பதிவு செய்து, முதல் தட்டு போடுகிற ஒரு ராக் குழு. அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். டிரம் ஒரு சின்ன அறையில், சமையலறையாகக்கூட இருக்கலாம், டைல்ஸ் தரையில் எதிரொலித்தது. இரண்டு கிட்டார்களில் ஒன்று எப்போதும் ஒரு மயிரிழை பின்னால் வந்தது. பாடியவள் சின்னப் பெண். அழகான குரல் என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசுகிற குரல். யாரையும் கவர்வதற்காகப் பாடவில்லை. பொதுவாக நான் பாட்டைக் கேட்க மாட்டேன், பாட்டுக்கு அடியில் இருப்பதைக் கேட்பேன். துணிக்கடையில் வேலை செய்பவள் புடவையில் கிழிசலை மட்டும் பார்ப்பதைப் போல. அன்றைக்கு எப்படியோ பாட்டையே கேட்டுவிட்டேன். முதல் பாட்டு முடிந்தது. சுவரிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாவது பாட்டு தொடங்கியது. இரண்டாவது பாட்டுக்கு நான் இவ்வளவு சுலபமாக வந்து சேர்ந்ததே இல்லை.

இரண்டாவது பாட்டில் இரண்டு நிமிடம் ஐந்து நொடி. தாளில் இருக்கிறது பாருங்கள். தட்டல், மூன்று, கனமானது.

இங்கே சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் அறையில் உள்ள பலகையைப் பார்த்தீர்கள். பிளேயர் மேஜைமேல் இல்லை, சுவரில் திருகி மாட்டிய பலகையின் மேல் இருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அக்காவின் கட்டில். தட்டை வாசிக்கும் முள் பாட்டை மட்டும் வாசிப்பதில்லை. தனக்கு அடியில் எது அதிர்ந்தாலும் வாசிக்கும். பக்கத்தில் யாராவது கனமாக நடந்தால்கூட அது பாட்டோடு சேர்ந்து வரும். அதனால் எங்கள் தொழிலில் யாரும் பிளேயரை ஆள் தட்டுகிற சுவரில் மாட்ட மாட்டார்கள். அக்கா படுத்த முதல் மாதமே நான் மாட்டினேன். ஹெட்போனுக்குள் நான் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், அவள் தட்டினால் அது சுவர் வழியாகப் பலகைக்கு வந்து, பலகையிலிருந்து முள்ளுக்கு ஏறி, நேராக என் காதுக்குள் வந்துவிட வேண்டும் என்று. தச்சர், "இங்கயா மாட்டணும்? தட்டினா ஆடுமே" என்றார். ஆடட்டும் என்றேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பலகையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "காதுன்னு சும்மாவா பேரு வெச்சேன்" என்றாள்.

ஆகவே, ஹெட்போன் மாட்டியிருந்ததால் காதில் விழவில்லை என்று நான் சொன்னது பொய். மாட்டியிருந்ததால்தான் அவ்வளவு தெளிவாக விழுந்தது.

பென்சிலால் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ஐயம் என்று போட்டேன். தட்டிலேயே இருக்கிற சத்தமாகவும் இருக்கலாம் அல்லவா. டிரம்காரன் எதையாவது தட்டியிருக்கலாம். இரண்டாம் தடவை கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்பது விதி. சுவரை ஒட்டிய மேஜையில், குப்பிக்குள் மாத்திரைகள் மெல்ல அதிர்ந்து அடங்கியதை என் கண் பார்த்தது. கை பென்சிலைப் பிடித்திருந்தது.

மூன்றாவது பாட்டு ஒரு துணி வெளுக்கும் கடையைப் பற்றியது. பாடுகிறவள் நாள் முழுக்க அடுத்தவர் சட்டைகளை மடிக்கிறாள். ஒவ்வொரு சட்டைப் பையிலும் யாரோ மறந்துவிட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. பாட்டின் நடுவில், "நான் சொல்ல வந்தது" என்று பாடிவிட்டு அவள் நிறுத்துகிறாள். கிட்டார் நிற்கிறது. டிரம் நிற்கிறது. பதினோரு நொடி. அந்த அறையின் காற்று மட்டும் கேட்கிறது. பிறகு பாட்டு வேறு ஒரு வரியில் எந்த விளக்கமும் இல்லாமல் தொடர்கிறது. சொல்ல வந்தது என்ன என்று கடைசிவரை சொல்லவே இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டது இரண்டாம் தடவை கேட்டபோதுதான். முதல் தடவை, அந்த மௌனத்தின் நான்காவது நொடியில் ஒரு தட்டு வந்தது. ஆறாவது நொடியில் இன்னொன்று. ஒன்பதாவதில் மூன்றாவது. முன்பைவிட மெதுவாக, இடைவெளி விட்டு.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எழுந்து போயிருப்பேன், கத்துவதற்காகவாவது. அந்தப் பெண் தன் வாக்கியத்தை முடிக்காமல் விட்டிருந்தாள். அதையும் அக்கா முடித்து வைத்துவிட்டாள் என்று மட்டும் தோன்றியது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த மூன்று தட்டும் அந்த இடத்தில் அழகாக இருந்தன. பாட்டைச் செய்தவர்களே வைத்த மாதிரி அவ்வளவு பொருத்தமாக. எழுதினேன். மூன்றாவது பாட்டு, ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு, ஐம்பத்தாறு, ஐம்பத்தொன்பது. ஐயம்.

முதல் பக்கம் முடிந்தது. தட்டைத் திருப்பிப் போட எழுந்துதான் ஆக வேண்டும். நீங்கள் தட்டு கேட்டிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. அதில் அந்த ஒரு சிரமம் உண்டு. பாதியில் எப்படியும் மனிதன் தன் நினைவுக்கு வந்துவிடுவான். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையில் பிடித்தபடி நின்றேன். விளிம்பை மட்டும்தான் தொட வேண்டும், விரல்ரேகை படக் கூடாது. என் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் அறைக் கதவும் திறந்திருந்தது. ஆறேழு அடிதான். "காது" என்று கூப்பிட்டாள். கரகரவென்று, ஒரு தடவை. பிறகு, "காது, முடிஞ்சுதா?" என்றாள்.

அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. பாட்டு முடிந்துவிட்டதா என்று கேட்டாள். நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்குமே என்று அப்போதும் அவளுக்குக் கவலை.

முடியவில்லை. பாதிதான் ஆகியிருந்தது. தட்டைத் திருப்பிப் போட்டேன், தூசியைத் துடைத்தேன், முள்ளை வைத்தேன்.

இரண்டாம் பக்கத்தில் இரண்டு பாட்டுகள். நான்காவது பாட்டில் நாற்பதாவது நொடியில் தட்டல், ஒன்று. மிக லேசானது. ஐந்தாவது பாட்டு மொத்தத் தட்டிலும் மிகச் சத்தமானது. எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் ஓடுகிற மாதிரி வாசிக்கிறார்கள். இருந்தும் என் காதுக்குத் தப்பவில்லை. ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடியில் மரப்பொருள் ஒன்று தரையில் விழுகிறது, பிறகு உருளுகிறது, எதிலோ மோதி நிற்கிறது. கீழே விழுந்த தடி கட்டில் காலில் மோதி நின்றிருந்ததாக நீங்களே உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். நான் நான்கு நொடி என்று எழுதியிருக்கிறேன். விழுந்த இடத்திலிருந்து அந்தத் தூரம் உருள அவ்வளவு நேரம்தான் ஆகும்.

பதினொன்று இருபத்தைந்துக்கு முதல் கேட்பு முடிந்தது. பதினொன்று இருபத்தேழுக்கு இரண்டாம் கேட்பு தொடக்கம். இரண்டும் தாளில் இருக்கின்றன. முதல் நாள் நீங்கள் வந்தபோது தாள் தொழிற்சாலையில் இருந்தது, அதனால் ஒரு தடவைதான் கேட்டேன் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். நானும் திருத்தவில்லை.

பத்து நிமிடத்துக்குள் மாத்திரை நாக்குக்கு அடியில் போயிருந்தால் பிழைத்திருப்பாள், மருத்துவமனைக்குத் தூக்கிப் போகவும் நேரம் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

போன வாரம் புதுத் தட்டு வாங்க நான் போன அன்று அந்தப் பாடகிப் பெண் தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தாள். சாயம் போன சட்டை, ஒரு பக்கம் மட்டும் கட்டிய ஷூ கயிறு. நான் யார் என்று சூடு காட்டியிருப்பார் போல. "அக்கா, நீங்கதான் கேட்டீங்களாமே. எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா இருக்கா இல்லையான்னு பாக்குறது என் வேலை இல்லம்மா. சத்தம் இருக்கான்னு பாக்குறதுதான்."

"ஐயோ, சத்தம்தாங்க்கா எங்க பாட்டே" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூணாவது பாட்டுல நடுவுல நிறுத்துவோமே, அது ரொம்ப நீளமா இருக்கோ? அதுல ஏதாவது ஒண்ணு தட்டி வெக்கலாம்னு டிரம்மர் உசுர எடுக்குறான். நான்தான் வேணாம்னு பிடிவாதமா இருக்கேன்" என்றாள்.

"வேண்டாம்மா" என்றேன். "அப்படியே இருக்கட்டும். யாரையும் கைவைக்க விடாத."

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது. இந்த விசாரணை முடியும்வரை அந்த எண்ணுள்ள தட்டை அச்சடிக்கக் கூடாது என்று நீங்கள் நிறுத்தி வைத்திருப்பதாகச் சூடு சொன்னார். அதனால்தான் இன்று நானாகவே வந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் தட்டில் எந்தக் குறையும் இல்லை. முதல் தட்டு, பாவம், எவ்வளவு நாள் காத்திருந்திருப்பார்கள்.

தாளில் ஒரே ஒரு திருத்தம் செய்ய வேண்டும். பென்சிலால் எழுதிய ஐயம் என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்துவிடுங்கள். எனக்கு எந்த ஐயமும் இருக்கவில்லை. அந்தத் தடியின் சத்தம் எனக்கு என் மூச்சைப் போலப் பழக்கம். இரண்டாவது பாட்டில், இரண்டு நிமிடம் ஐந்து நொடியில், முதல் தட்டலிலேயே தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கேட்புத் தாளில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். இரண்டாம் தடவை நான் முள்ளை வைத்தது விதிக்காக இல்லை. அந்தப் பத்தொன்பது நிமிடமும் நான் கேட்டது தட்டை இல்லை, சுவரை.

சுவர் அமைதியாக இருந்தது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, எங்கும் ஒன்றும் இல்லை. மூன்றாவது பாட்டில் அவள், "நான் சொல்ல வந்தது" என்று நிறுத்தினாள். பதினோரு நொடியும் காலியாகவே போனது. யாரும் எதையும் முடித்து வைக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். முடிந்தபோது கன்னம் ஈரமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. கடைசிப் பாட்டு ஓய்ந்ததும் ஐயம் என்ற எழுத்துகளின்மேல் பேனாவால் வெளிச் சத்தம் என்று எழுதினேன். தாளின் அடியில், குறை ஏதுமில்லை, அச்சடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தட்டை உறைக்குள் வைத்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் குவளையைக் கழுவி, தண்ணீர் பிடித்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன்.

மாத்திரைக் குப்பியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். கடைசியாக அவள் ஒரு தட்டுதானே தட்டியிருந்தாள்.